திக்கலும் மனச்சோர்வு மாத்திரையும்: எது எதைக் கூட்டுகிறது?

கேள்வி: 2023 ஆகஸ்ட் 6, மாலை 4.10

வயது 23. ஐந்து வயதிலிருந்து திக்கல். மனச்சோர்வுக்காக மூன்று வாரங்களாக செர்ட்ரலின் 50 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறேன். தூக்கம் சீராகிவிட்டது, பேச்சோ முன்பைவிட மோசமாகிவிட்டது. மாத்திரைதான் காரணம் என்று முடிவு செய்திருக்கிறேன். நாளை முதல் நிறுத்தப் போகிறேன். இதே அனுபவம் யாருக்காவது உண்டா?

2023 ஆகஸ்ட் 6, இரவு 9.25

அனுபவம் உண்டு. ஆனால் நாளை நிறுத்த வேண்டாம். முதலில் மருந்தை எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள்.

நான் மதுரையில் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவனாக இருபத்தைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வாயைத் திறக்காமல் சம்பளம் வாங்கக்கூடிய தொழில் எது என்று யோசித்துத் தேர்ந்தெடுத்தது. 2014 நவம்பரில் எனக்கும் மனச்சோர்வுக்காக, உங்கள் மாத்திரையின் வகையைச் சேர்ந்த எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் எழுதப்பட்டது. மூன்றாவது வாரத்தில் என் திக்கல் வெளிப்படையாகவே கூடியது. அதற்கு மாத்திரைதான் காரணம் என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

நிறுத்த வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், அடுத்து நான் செய்த முட்டாள்தனம். 2015 மார்ச்சில் யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே மின்சாரம் பாய்ந்தது போன்ற ஓர் அதிர்வு, தலைச்சுற்றல், காரணமில்லாத எரிச்சல். பேச்சு சீராகவில்லை. அதற்குள் பழைய சோர்வும் திரும்பிவிட்டதால் மீண்டும் தொடங்கி, பிறகு மருத்துவர் சொன்னபடி மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் வெளியே வந்தேன்.

உங்கள் வயதைக் கவனித்தேன். 24 வயது வரை உள்ளவர்களுக்கு இவ்வகை மருந்துகளின் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடும் என்ற எச்சரிக்கை 2007 முதல் அமெரிக்காவில் இம்மருந்துகளின் விவரக் குறிப்பிலேயே கட்டம் கட்டி அச்சிடப்படுகிறது. அளவை மாற்றும் நாட்களுக்கும் அது பொருந்தும். அப்படி ஏதேனும் தோன்றினால் திக்கலை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றே மருத்துவரை அழையுங்கள். நள்ளிரவானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. தொலைபேசியில் பேசுவதே நமக்குப் பெரும்பாடு என்பது தெரியும். பக்கத்தில் இருப்பவரை அழைக்கச் சொல்லுங்கள்.

2023 ஆகஸ்ட் 7, காலை 6.50

இரவு முழுவதும் இதே நினைவாக இருந்ததால், இத்தனை ஆண்டுகளில் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

திக்கலுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த மருந்து ஒன்றுகூட இல்லை. முயன்று பார்த்த மருந்துகளில் ஓரளவு பலன் தெரிந்தவை பெரும்பாலும் மனச்சோர்வு மருந்துகள் அல்ல. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில் ஒன்றான டோபமினைத் தடுக்கும் மருந்துகள். முதலில் ஹாலோபெரிடால் வந்தது. பேச்சைச் சற்றுச் சீராக்கினாலும் அதன் பக்க விளைவுகளைத் தாங்க முடியாமல் பலர் விட்டுவிட்டார்கள். பிறகு ரிஸ்பெரிடோன், ஒலான்சபின். இவ்விரண்டையும் 2000, 2004 ஆண்டுகளில் சோதித்து வெளியிட்ட ஜெரால்ட் மகுவயர் தாமே திக்குபவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. மறுபுறம், பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா திக்கலைக் கூட்டியதாகவும் பதிவு உண்டு. டோபமின் மிகும்போது திக்கல் மிகுகிறது என்னும் ஊகம் இப்படித்தான் நிற்கிறது.

நீங்கள் எடுத்துக்கொள்ளும் மருந்து வேலை செய்வது செரோட்டோனின் என்னும் மற்றொரு வேதிப்பொருளின் வழியாக. அந்த வழியில் கிடைத்த தடயங்கள் மங்கலானவை. 1995இல் வெளியான ஒரு சோதனையில் க்ளோமிப்ரமின், டெசிப்ரமின் என்னும் இரு பழைய மனச்சோர்வு மருந்துகளை, எதை விழுங்குகிறோம் என்று தெரியாதபடி அதே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பங்கேற்றவர்கள் தம் திக்கலுக்குத் தாமே இட்ட மதிப்பெண்களில் க்ளோமிப்ரமின் முந்தியது. தாமே இட்ட மதிப்பெண் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நாம் இங்கே அடித்துக்கொள்வதும் அதைப் பற்றித்தான். 2005இல் உங்கள் மருந்தின் வகையைச் சேர்ந்த பராக்செட்டினை அதே முறையில், டோபமினைத் தடுக்கும் பிமோசைடுடன் ஒப்பிட்டார்கள். பராக்செட்டின் திக்கலைக் குறைக்கவில்லை; அதை நிறுத்தும்போது சிலருக்கு ஏற்பட்ட கடும் விளைவுகளால் சோதனையே பாதியில் முடிக்கப்பட்டது. என் மார்ச் மாத மின்சாரத்தின் அண்ணன் அது.

இவை எல்லாமே ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கையிலான ஆட்களைக் கொண்டு நடந்தவை. 2006இல் வெளியான ஒரு மதிப்பாய்வு அதுவரை வந்த மருந்துச் சோதனைகளை எல்லாம் அலசி, திக்கலுக்கு மருந்தைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது.

2023 ஆகஸ்ட் 7, காலை 7.15

முக்கியமானதை விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டது குறைக்குமா என்பதல்ல, கூட்டுமா என்பது. செர்ட்ரலின், ஃப்ளூவாக்செட்டின், புப்ரோபியான் போன்ற மருந்துகளைத் தொடங்கியபின் அதுவரை திக்காதவர்கள் திக்கத் தொடங்கியதாகவும், நிறுத்தியதும் அது மறைந்ததாகவும் மருத்துவ இதழ்களில் தனிநபர்க் குறிப்புகள் உண்டு. அரிது, ஆனால் இல்லாதது அல்ல.

2023 ஆகஸ்ட் 9, இரவு 8.05

மேலே ஒருவர், மாத்திரையை எறிந்துவிட்டு வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்லியிருக்கிறார். என் அப்பத்தா எனக்கு ஏழு வயது வரை தடவினார். அதற்கு நம் பக்கத்தில் பேர் சொல்லா மருந்து என்று பெயர். இரவில் அதன் பெயரைச் சொல்லக் கூடாதாம். பெயரைச் சொல்ல முடியாதவனுக்குப் பெயரைச் சொல்லக் கூடாத மருந்து: இதைவிடப் பொருத்தம் எந்த மருத்துவத்திலும் இருக்காது.

எனக்கு நாக்கு எரிந்தது, அவ்வளவுதான். ஆனால் ஊரில் பத்துக் குழந்தைகளுக்குத் தடவினால் ஏழெட்டுப் பேருக்குத் திக்கல் போய்விடும் என்பதும் உண்மையே. ஏனென்றால் திக்கும் சிறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு எதைத் தடவினாலும் தடவாவிட்டாலும் அது தானாகவே விலகிவிடும். மிஞ்சியவர்கள்தாம் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறோம். வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடை செய்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 12, இரவு 11.30

என் மனைவி மேலே உள்ள குறிப்புகளைப் படித்துவிட்டு, "பருத்திப்பாலை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். உண்மையிலேயே மறந்துவிட்டேன்.

எனக்குப் பகரம் வராது. உதடு இரண்டும் மூடினால் பூட்டிக்கொள்ளும். ஆகவே பெரியார் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டுமானால் நடத்துனரிடம் சிம்மக்கல் என்று சீட்டு வாங்கி அங்கேயே இறங்கி, மீதித் தொலைவை நடந்தே போவேன். பதினைந்து ஆண்டுகள் அப்படி நடந்திருக்கிறேன். அச்சகத்து முனையில் மாலையில் பருத்திப்பால் வண்டி நிற்கும். எனக்கு முன்னால் ஒருவர் கேட்கும் வரை காத்திருந்து, "எனக்கும் அதே" என்று சொல்லித்தான் குடிப்பேன். யாரும் வராவிட்டால் குடிக்காமலே திரும்புவேன். யாரேனும் வந்து சுண்டல் கேட்டுவிட்டால் சுண்டல்தான்.

2014 டிசம்பரில் ஒரு மாலை, வண்டியருகே வேறு யாரும் இல்லாதபோது, நானே போய்ப் பருத்திப்பால் என்று கேட்க முயன்றேன். உதடு மூடியது மூடியபடி நின்றது, முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. வண்டிக்காரர் எனக்கு விக்கல் என்று எண்ணித் தண்ணீர்க் குவளையை நீட்டினார். திக்கலுக்கும் விக்கலுக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. என் தொழிலில் இதைவிடப் பெரிய பிழைகளை நாள்தோறும் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "மாத்திரை என் பேச்சைக் கெடுத்துவிட்டது, இவ்வளவு மோசமாக நான் திக்கியதே இல்லை" என்று சொன்னேனாம்.

அவள் இன்று கேட்டது இது: அதற்கு முந்தைய மாதங்களில் அந்தச் சொல்லை எத்தனை முறை சொன்னீர்கள், எத்தனை முறை திக்கினீர்கள்? ஒருமுறையும் சொல்லவில்லை. சொல்லாதபோது எப்படித் திக்கும்?

இதை எட்டு ஆண்டுகளாக நான் யோசிக்கவில்லை என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. திக்கலை ஆராய்ந்த ஜோசப் ஷீஹன் என்பவர் அதைப் பனிப்பாறையோடு ஒப்பிட்டார். காதில் விழும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு முனை, அச்சமும் வெட்கமும் தவிர்த்தலும் அடியில் கிடக்கும் பெரும்பகுதி என்று. மாத்திரை அச்சத்தின் ஒரு பகுதியைக் கரைத்திருந்தால், அதுவரை மூழ்கிக் கிடந்த பாறை மேலே எழும்பியிருக்கும். பார்ப்பவர்களுக்குப் பாறை பெரிதாகிவிட்டது போலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

தம்பி, உங்களுக்கும் இதுதான் என்று சொல்ல வரவில்லை. இந்த மூன்று வாரங்களில் முன்பு தவிர்த்த இடங்களில் பேசத் தொடங்கியிருக்கிறீர்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

2023 ஆகஸ்ட் 13, பகல் 1.20

"அப்படியானால் எல்லாம் மனப்பிரமை என்கிறீர்களா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லை. நேற்று இரவு ஓர் எடையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் தராசின் மறுதட்டை மறந்துவிட்டேன்.

திக்கல் உள்ளவனின் பேச்சை இம்மருந்துகள் உடல்வழியாகவே கெடுக்கக்கூடும். தொடக்க நாட்களில் சிலருக்கு உட்கார முடியாத அளவுக்குப் பரபரப்பு வரும்; கால்கள் ஆடிக்கொண்டே இருக்கும்; அந்தப் பரபரப்பு நாக்குக்கு நல்லதல்ல. தூக்கம் கெட்டாலும் திக்கல் கூடும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. பழைய வகை மருந்துகளில் வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டும். மருந்தே புதிதாக உண்டாக்கும் திக்கலும் உண்டு என்று முன்பே எழுதினேன்.

பிரித்தறிய நான் கவனிப்பவை சில. மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய நாளோடு மாற்றம் ஒட்டிக்கொண்டு வருகிறதா? பிள்ளைப் பருவம் முதல் வராத இடங்களில், சொல்லின் நடுவில், பாடும்போது, தனியாகப் பேசும்போது வருகிறதா? தனியறையில் யாருமில்லாமல் படித்தால் நம்மில் பெரும்பாலோர் சரளமாகவே படிப்போம். அங்கும் தட்டத் தொடங்கினால் அது அச்சத்தின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அச்சகத்தில் பழைய வழக்கப்படி ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க மற்றொருவர் அச்சுப்படியைப் பார்ப்பார். நான் கூட்டாளியோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போது ஒருநாளும் திக்கியதில்லை. 2014 டிசம்பரிலும் திக்கவில்லை. இப்போது யோசித்தால் அதுவும் மனைவியின் பக்கத்துக்கு ஒரு சாட்சி.

2023 ஆகஸ்ட் 13, இரவு 10.00

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைப் படித்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மருத்துவருக்கு அவர் திக்குபவர் என்பதே தெரியாதாம். அறைக்குள் அம்மாதான் பேசினாராம், இவர் தலையாட்டினாராம், ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதப்பட்டுவிட்டதாம்.

குற்றம் யாருடையது என்று ஆராயப் போவதில்லை. நானும் 2014இல் அப்படித்தான் இருந்தேன். என் மருத்துவருக்குத் தெரிந்தது இரண்டாவது முறை போனபோது. பேச்சைப் பற்றிய குறையைப் பேசித்தான் சொல்ல வேண்டும் என்பது கால் முறிந்தவனை ஓடிவந்து காட்டச் சொல்வது போன்றது. ஆகவே எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு தாள் போதும்: எத்தனை வயதிலிருந்து திக்கல், மாத்திரை தொடங்கிய தேதி, பேச்சில் மாற்றம் தெரிந்த தேதி, எந்தச் சூழலில், தூக்கம், பரபரப்பு, வேறு என்னென்ன மருந்துகள். உட்கார்ந்ததும் நீட்டிவிடுங்கள். மருந்துக்கடையில் சீட்டை நீட்டுகிறோமே, ஊரில் நமக்கு மிகப் பிடித்த கடை அது ஒன்றுதானே, அதேபோல.

மருத்துவருக்கு இது தெரிவது வீண் அல்ல. சிகிச்சை தேடி வரும் திக்குவோருக்கு ஏதேனும் ஒரு பதற்றக் கோளாறு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறேழு மடங்கு என்று ஆஸ்திரேலியாவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. மனச்சோர்வு என்று எழுதப்பட்ட சீட்டின் அடியில் வாயைத் திறக்கும் அச்சமே இருக்கக்கூடும். அப்படியானால் மாத்திரையோடு பேச்சுப் பயிற்சியாளரும் வேண்டும்.

2023 ஆகஸ்ட் 20, மாலை 5.45

எப்படி அளப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கைபேசியில் வாரம் இருமுறை, அதே நபருடன், அதே நேரத்தில், ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டு, நூறு அசைக்கு எத்தனை இடத்தில் தட்டியது என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணாதீர்கள். வேகமாகப் பேசினால் கணக்குக் குழம்பும். திக்கல் தானாகவே நல்ல வாரமும் கெட்ட வாரமுமாக ஏறி இறங்கும் பண்புடையது. ஒரு நாள் பதிவை வைத்து மருந்தைப் பழிக்கவும் கூடாது, புகழவும் கூடாது.

2015 ஜனவரியில், மாத்திரையில் இருந்தபோது, பேச்சுப் பயிற்சியாளர் என் உரையாடலைப் பதிவு செய்து குறுந்தகட்டில் கொடுத்திருந்தார். இன்று அதை எண்ணிப் பார்த்தேன். 300 அசைக்கு 36 இடங்கள். நூற்றுக்கு 12.

2023 செப்டம்பர் 3, காலை 9.10

பிழைதிருத்தம். தமிழாசிரியராக ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் நான் எண்ணிக் குறித்த தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் பழக்கதோஷத்தில் யாப்பிலக்கண அசைகளை எண்ணியிருக்கிறேன். பருத்திப்பால் என்பது யாப்பில் நிரை, நேர், நேர் என மூன்று அசை. வாய்க்கோ ப, ருத், திப், பால் என நான்கு. பேச்சுக் கணக்குக்கு வேண்டியது வாயின் கணக்கு. மறுபடி எண்ணியதில் 430 அசை வந்தது. நூற்றுக்கு 12 அல்ல, 8.4. மருந்தில்லாமலே ஒரே காலையில் என் திக்கல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

2023 அக்டோபர் 22, இரவு 7.30

இன்று உலகத் திக்கல் விழிப்புணர்வு நாள். கேள்வி கேட்ட தம்பியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. தாளை நீட்டினாராம். மருத்துவர் முழுதும் படித்துவிட்டு அளவை 25 மில்லிகிராமாகக் குறைத்து, பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்பியிருக்கிறார். பரபரப்பு அடங்கிவிட்டதாம், பேச்சு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதாம். "ஆகவே மாத்திரைதான் காரணம், நான் சொன்னதே சரி" என்று எழுதுகிறார்.

இருக்கலாம். அவருக்கு வந்த பரபரப்பை வைத்துப் பார்த்தால் என்னைவிட அவர் பக்கம் நியாயம் அதிகம் என்றே சொல்வேன். ஆனால் அளவு குறைந்த அதே வாரத்தில்தான் பயிற்சியும் தொடங்கியது. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னதும் அதே வாரம். மூன்றில் எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது? அவர் பிரிக்க விரும்பவில்லை, நன்றாக இருக்கிறேன் போதும் என்கிறார். 23 வயதில் அது சரியான பதில்தான். எனக்கு 51; தொழில் வேறு பிழை பார்ப்பது.

2024 பிப்ரவரி 18, இரவு 10.40

பழைய கைபேசி ஒன்றைப் பேரீச்சம்பழக்காரரிடம் போடுவதற்கு முன் திறந்து பார்த்ததில் 2014 செப்டம்பர் மாதத்துப் பதிவு ஒன்று கிடைத்தது. மாத்திரை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முந்தையது. தங்கையின் மகளுக்கு நரிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இம்முறை வாயின் கணக்குப்படியே எண்ணினேன். 210 அசைக்கு 17 இடங்கள். நூற்றுக்கு 8.1. மாத்திரையில் இருந்தபோது 8.4.

ஆகவே ஆகஸ்ட் 6ஆம் தேதிக் குறிப்பில் உள்ள "இன்றும் நம்புகிறேன்" என்னும் தொடரை நீக்கிவிட்டுப் படிக்கவும்.

2024 பிப்ரவரி 19, காலை 6.15

நீக்க வேண்டாம். அந்தப் பதிவில் எதிரே இருந்தது ஐந்து வயதுக் குழந்தை. பயிற்சியாளரின் பதிவில் எதிரே இருந்தவர் முன்பின் அறியாத பெரியவர். குழந்தைகளிடம் நான் எப்போதும் குறைவாகவே திக்குவேன். அப்படியானால் மாத்திரைக்கு முன் பெரியவர்களிடம் 8.1ஐவிடக் கூடுதலாகத் திக்கியிருப்பேன், மாத்திரை குறைத்தது என்றுகூட வாதாடலாம். அதே நபருடன் பேசிப் பதிவு செய்யுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் நானே.

"இன்றும் நம்புகிறேன்" என்பதன் பின்னால் உள்ள முற்றுப்புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளவும்.